வந்த நேரம், போன நேரம்

எங்கள் வாசல் காவலர் சுனிமலுக்கு
நெற்றியில் இடப்பக்கம் ஒரு பள்ளம்,
பெருவிரல் நுனி அளவு.
தொப்பி அதை மூடியிருக்கும்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
எட்டு மாடி, முப்பத்திரண்டு வீடு,
முப்பத்திரண்டு குக்கர்.
பின்னேரம் ஏழு மணிக்கு
அவை ஒவ்வொன்றாய் விசிலடிக்கத் தொடங்க
அவர் போய்த் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்பார்.
மோட்டார் பரவாயில்லையாம்.
காலி போகும் ரயிலும் பரவாயில்லையாம்.
விசில் அப்படியல்ல மிஸ்,
அதற்குப் பிறகு ஏதோ விழவேண்டும் என்று
உடம்பு பார்த்துக்கொண்டே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரியில் கிளினிக்.
போன மாதம் மருந்து உறையைக் கொண்டுவந்து நீட்டினார்.
நீங்கள் ஆஸ்பத்திரி ஆள்தானே.
நான் லாபில் இரத்தம் பார்ப்பவள்,
தலையைப் பற்றி என்ன தெரியும்,
என்றாலும் வாசித்தேன்:
இரவில் ஒன்று. தூக்கம் வரும்.
பெனடோல் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது.

சிரித்தார்.
இரவில் தூக்கம் வந்தால் சம்பளம் வராதே.

அப்படித்தான் அந்த உறை
சோற்றுப் பையில் திறக்கப்படாமல் கிடந்தது.
நாளுக்கு எட்டுப் பெனடோல்.
தின்னத் தின்ன இடி கூடும், அதுவே தீனி என்று
டொக்டர் சொன்னதை
எனக்கு விளக்கியவரும் அவர்தான்.

அவர் மொழியில் அது தலையின் கொதிப்பு மாதிரி ஒரு சொல்.
நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றார்.
தலையிடி, என்றேன். வானத்தில் இடிப்பதும் அதே இடி.
யோசித்துவிட்டுச் சொன்னார்:
சரியான சொல்.
மின்னல் முதலில் கண்ணுக்குள் வருகிறதே.

ஒரு நாள் வாசல் பதிவேட்டைப் புரட்டினேன்,
என் பார்சல் வந்ததா என்று பார்க்க.
பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு.
அதே கட்டங்கள், அதே நீல பேனை.
வந்தவர்: அது.
யாரைப் பார்க்க: என்னை.
வந்த நேரம் 1.40. போன நேரம் 4.15.
வந்த நேரம் 11.05. போன நேரம் விடிந்து.
டொக்டர் கேட்ட குறிப்பேடு.
தனிக் கொப்பி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

நானும் எழுதியிருக்கிறேன் இப்படிக் கட்டங்களுக்குள்.
இதே ஒழுங்கை, அப்போது ஒரு லொட்ஜ்.
பெயர், சொந்த ஊர், வந்த காரணம்,
திரும்பிப் போகும் திகதி.
படிவத்தை வாங்கிய கை யாருடையது என்று
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
இவர் அந்நாளில் வடக்கே இருந்தார்.
எந்த இடம் என்று கேட்டதில்லை.
சொன்னால் எனக்குத் தெரிந்த இடமாயிருக்கும்.

பிறகு அந்த வியாழன்.
லாப் முடிந்து ஒன்றரைக்கு வந்தேன்.
கேற் பூட்டு. கூண்டுக்குள் விளக்கில்லை.
கதிரையில், சுவரோடு தலை சாய்த்து,
வாய் சற்றுத் திறந்து சுனிமல்.
மேசையில் அந்த உறை, ஓரம் கிழிந்து.
ஆட்டோக்காரப் பையன் ஹோர்னில் கைவைத்தான்.
அடிக்காதே, என்றேன்.
என் குரல் எனக்கே அதட்டலாய்க் கேட்டது.

கம்பிக்குள்ளால் கைவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினேன்.
முழங்கைத் தோல் உரிந்தது.
திறந்து, சாத்தி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து
ஆறு மாடி ஏறினேன். லிப்ட் மணியடிக்கும்.

காலையில் குழுவில் ஒரு படம்:
தூங்கும் காவலர், எடுத்தது மூன்றாம் மாடி.
கீழே இருபது கோபம்.
ஏதோ தட்டினேன், அழித்தேன்,
பிறகு தட்டினேன்:
நான் அவருக்குக் கொடுத்த மருந்து, என் பிழை.
பொய்தான்.
இன்னும் முடிவு சொல்லவில்லை அவர்கள்.

கீழே இறங்கியபோது பதிவேடு திறந்திருந்தது.
வந்த நேரம் 12.20.
அடுத்த கட்டம் வெறுமை.
எப்போது போனது, கேட்டேன்.

பேனையை மூடிக்கொண்டே சொன்னார்:
தெரியாது மிஸ்.
நான் பார்க்கவில்லை.